கூண்டிலிருந்து கூடத்துக்கு

"நாயைக் குளிப்பாட்டி நடுக்கூடத்தில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் போகும்" என்று நம் முன்னோர் ஒரு பழமொழி சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் நாய் வளர்த்தவர் அல்லர் என்பது நமது திடமான அபிப்பிராயம். ஏனென்றால், வளர்ந்த நாய் ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்திருக்கும் வீட்டாரை விசாரித்துப் பாருங்கள். நாய் தெருவுக்குப் போகிறது என்பதா அவர்களுடைய குறை? அல்லவே அல்ல. "ஐயோ, தெருவுக்குப் போகமாட்டேன் என்கிறதே! போக வேண்டிய காரியத்தையெல்லாம் நடுக்கூடத்திலேயே முடித்துக்கொண்டு விடுகிறதே!" என்பதுதான் அவர்களுடைய முறையீடு.

சிரித்துவிட்டுப் போகும் விஷயம் என்று வாசகர்கள் எண்ணக்கூடும். ஆனால் கூடத்தில் தேங்கும் அந்தச் சிறு குட்டையில் ஓர் உயிரின் கதி அடங்கியிருக்கிறது. ஒரு தடவை கைவிடப்பட்ட நாய், வேறொரு வீட்டில் அடைக்கலம் பெற்று, மறு தடவையும் வெளியே தள்ளப்படுவதற்கு உள்ள முக்கியக் காரணங்களில் இது ஒன்று. அமெரிக்காவில், காப்பகங்களில் கொண்டுவந்து விடப்படும் நாய்களைப் பற்றி ஆராய்ந்தவர்கள், சொந்தக்காரர்கள் சொல்லும் நடத்தைக் குறைகளில் வீட்டை அசுத்தம் செய்வது முன்வரிசையில் நிற்பதைக் கண்டார்கள். நம் நாட்டிலோ காப்பகங்கள் சொற்பம். இங்கே மறுபடியும் தள்ளப்படும் நாய்க்குப் பெரும்பாலும் தெருவே கதி.

ஊர்ப் பெயர் தாங்கிய நாய்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். முன்னதற்கு ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும் பெருமை. பின்னதற்கு நூற்பாலைகளும், ஊர்ப் பெயரையே தன் பெயராகத் தாங்கிய வெள்ளை நாயும் பெருமை. வன்னியம்பட்டி போன்ற அவ்வட்டாரத்துக் கிராமங்களில் அந்த நாய்க்கு அறிமுகம் தேவையில்லை. உயர்ந்த உடல், நீண்டு ஒடுங்கிய முகம், இளஞ்சிவப்பு மூக்கு, பாலைப் போன்ற உரோமம் ஆகிய லட்சணங்களைக் கண்டதும் குழந்தைகள்கூட "ராஜபாளையம்!" என்று சொல்லிவிடும். ஆண் நாய் தோள்பட்டை வரையில் இரண்டு அடிக்கு மேல் வளரும். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் போனது. இதைப் பாளையக்காரர்களோடு சேர்த்து, வெள்ளைக்காரர்கள் "பாலிகர் ஹவுண்டு" என்று குறித்து வைத்தார்கள். குறித்து வைத்தார்களே தவிர, சீமையிலிருந்து கப்பலில் வந்த நாய்தான் நாய் என்று மயங்கியிருந்த பங்களாக்களில் இதற்குப் பெரிய மதிப்பு இருந்ததாகச் சொல்ல முடியாது.

சுதந்திர இந்தியாவில் அந்த மதிப்பு வந்து சேர்ந்தது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் தேதி இந்தியத் தபால் இலாகா நான்கு சுதேசி நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டுக் காவல் நாய், ராம்பூர் நாய், முதோல் நாய் ஆகியவற்றோடு நமது ராஜபாளையமும் அவற்றில் இடம் பெற்றது. ஹரியானாவில் கர்னால் நகரத்தில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிலையம், ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் முறைப்படி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் தேதி வானொலியில் பேசிய பிரதம மந்திரி, நாய் வளர்க்க எண்ணுகிறவர்கள் இந்திய இனங்களை வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று தமிழ்நாட்டு நாய்களைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார்.

நல்ல காரியந்தான். ஆனால் புகழ் வந்தால் வியாபாரமும் பின்னாலேயே வரும். "நம் நாட்டு நாய்" என்ற உற்சாகத்தில் குட்டியை வாங்கிப் பட்டணத்து மாடிக் குடியிருப்புக்குக் கொண்டு போகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் குட்டி கன்றுக்குட்டியாகிறது. ஓடுவதற்கு இடம் இல்லை. விருந்தாளியைக் கண்டால் உறுமுகிறது. சில குட்டிகளுக்குக் காது கேட்பதில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிய வருகிறது. கடைசியில் சங்கிலியோ, கூண்டோ, ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோ அதன் இருப்பிடமாகிறது. தபால் தலையில் ஏறிய இனத்தைச் சேர்ந்த நாய் சாலையோரத்தில் எலும்பும் தோலுமாக நிற்பதைக் கண்டு மனம் பொறுக்காமல் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டுக்கு அழைத்து வருகிறார். நமது விஷயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

குற்றமா, அறியாமையா?

அழைத்து வந்த அன்று வீடு முழுவதும் ஒரே குதூகலம். குழந்தைகள் பெயர் வைக்கப் போட்டி போடுகிறார்கள். மறு நாள் விடியற்காலையில் பாட்டியின் குரல் கேட்கிறது. "அடி பெண்ணே, இங்கே வந்து பார்! உன் செல்லப் பிள்ளை பூஜை அறை வாசலில் செய்திருக்கிற காரியத்தை!" மூன்றாம் நாளும் அதே கதை. நான்காம் நாள் குடும்பத் தலைவர், "கழுதை வயசாகிறது, இதற்கு இன்னும் இங்கிதம் தெரியவில்லையே!" என்கிறார். ஐந்தாம் நாள், "கொண்டு போய் விட்டுவிடலாமா?" என்ற பேச்சு எழுகிறது.

பாட்டியைக் குறை சொல்லுவதற்கில்லை. தினம் கோலமிட்டு, விளக்கேற்றி, சுத்தமாக வைத்திருக்கும் வீட்டில் இப்படி நேர்ந்தால் யாருக்குத்தான் மனம் கசக்காது? ஆயினும் நாயின் கட்சியையும் சற்றுக் கேட்க வேண்டும் அல்லவா?

நாய் இயற்கையில் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத பிராணி. கண் திறந்து நடக்கத் தொடங்கிய குட்டி, படுக்கையை விட்டு நாலடி தள்ளிப் போய்த்தான் ஒதுங்கும். பிறந்த சில வாரங்களுக்குள், எந்த மாதிரித் தரையில் ஒதுங்குவது என்ற பழக்கமும் அதன் பாதங்களில் பதிந்துவிடுகிறது. மண்ணில் வளர்ந்தது மண்ணைத் தேடும். புல்லில் வளர்ந்தது புல்லைத் தேடும். சிமெண்டுத் தரை போட்ட கூண்டிலேயே பிறந்து வளர்ந்த நாயோ, சிமெண்டுத் தரையைத்தான் தேடும். வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே ஒதுங்கிப் பழகிய நாய்க்கு அந்த இயற்கைக் கூச்சமும் மங்கிப் போகிறது. அப்படிப்பட்ட நாயை நம் வீட்டுக் கூடத்தில் விட்டால், வழுவழுப்பான தரையைப் பார்த்து, "ஆகா, இதுவல்லவோ நாம் அறிந்த இடம்!" என்றுதான் அது நினைக்கும். தோட்டத்திலும் களத்து மேட்டிலும் காவலுக்கு இருந்த நாய்க்கும் இதே சங்கடந்தான். சுவர் எங்கே தொடங்குகிறது, "உள்ளே" என்பது எது, "வெளியே" என்பது எது என்ற பாடத்தை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஆகவே, வளர்ந்த நாய் செய்யும் இந்தக் காரியம் திமிரும் அல்ல, பழிவாங்கலும் அல்ல. படிக்காத பாடத்தில் பரீட்சை வைத்தால் யாரும் தேற மாட்டார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. சொல்லிக் கொடுக்கும் விதம்தான் தெரிய வேண்டும்.

முதலில் வைத்தியர்

பாடம் தொடங்குவதற்கு முன்னால் கால்நடை வைத்தியரிடம் ஒரு தடவை அழைத்துச் செல்வது அவசியம். சிறுநீர்ப் பையில் அழற்சி, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, குடற்புழு ஆகிய எதுவும் இந்த அசுத்தத்துக்குக் காரணமாக இருக்கலாம். நாய் வழக்கத்துக்கு மேல் தண்ணீர் குடித்தாலும், துளித்துளியாகப் போனாலும், சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலும், தூங்கும்போது தன்னை அறியாமல் கசிந்தாலும் அது வியாதி. பழக்கக் குறைவு அல்ல. கருத்தடை செய்த பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு வயது ஏறும்போது இப்படிக் கசிவதுண்டு. அதற்கு மருந்தும் உண்டு. வியாதிக்காரனைப் பாடம் படிக்கவில்லை என்று அடிப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

வைத்தியரிடம் போகும்போதே வெறிநோய்த் தடுப்பு ஊசியையும், எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய்க்கான தடுப்பு ஊசியையும் போட்டுவிட வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் பரவக் கூடியது. நாயின் மலத்தில் உள்ள புழு முட்டைகள் மண்ணில் விளையாடும் குழந்தைகளைப் பாதிக்கும். ஆகையால் அசுத்தத்தைத் துடைக்கிறவர் கையுறை அணிந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சர்க்கார் கால்நடை மருந்தகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. சிக்கலான வியாதியானால், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் கல்லூரியும் இருக்கிறது.

வெள்ளை நாய்களைப் பற்றி இன்னொரு சங்கதி. உரோமத்துக்கும் தோலுக்கும் நிறம் கொடுக்கும் உயிரணுக்கள் உட்செவியின் வேலைக்கும் தேவைப்படுகின்றன. அவை குறைந்த வெள்ளை நாய்களில் சில, பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. ராஜபாளையம் இனத்திலும் இந்தக் குறை காணப்படுகிறது. "எத்தனை தடவை கத்தினாலும் இதற்கு உறைக்கவில்லையே!" என்று நாம் அங்கலாய்க்கும் நாய்க்கு நம் கத்தல் கேட்டே இராது. நாய் அயர்ந்து தூங்கும்போது பின்னாலிருந்து, காற்றும் அதிர்வும் அதன் மேல் படாத தூரத்தில், கையைத் தட்டிப் பாருங்கள். காது அசையவில்லை என்றால் வைத்தியரிடம் சொல்லுங்கள். செவிட்டு நாயும் நன்றாகக் கற்றுக்கொள்ளும். வாய்ச் சொல்லுக்குப் பதிலாகக் கைச் சைகை; அவ்வளவுதான் வித்தியாசம்.

நான்கு விதக் காரணங்கள்

வியாதி இல்லை என்று தெரிந்த பிறகு, அசுத்தம் எப்போது, எங்கே, எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் குறித்து வாருங்கள். பால் கணக்கு எழுதும் வீட்டில் இதையும் எழுதுவது கஷ்டமல்ல. அந்தக் கணக்கே காரணத்தைச் சொல்லிவிடும்.

எந்த இடம், எந்த நேரம் என்ற நியமமே இல்லாமல், வயிறும் பையும் நிரம்பியபோதெல்லாம் தாராளமாகப் போனால், அது மேலே சொன்ன அறியாமை. நாற்காலிக் கால், கதவு நிலை, மூட்டை முடிச்சு இவற்றின் மேல் காலைத் தூக்கிக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டால், அது எல்லை குறிக்கும் வழக்கம். கருத்தடை செய்யாத ஆண் நாய்களிடம் இது அதிகம். கருத்தடை செய்தால் பெரும்பாலும் குறையும். யாராவது குனிந்து தொட வரும்போதோ, குரலை உயர்த்தும்போதோ காதை ஒடுக்கி, உடலைத் தாழ்த்தி, அங்கேயே விட்டுவிட்டால், அது பயத்தினாலும் பணிவினாலும் நேர்வது. முன்பு அடிபட்ட நாய்களிடம் இதைக் காணலாம். இதற்கு மருந்து, நேருக்கு நேர் குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாகவே நம்மிடம் வரும்படி விடுவது. நான்காவது, வீட்டார் எல்லோரும் வெளியே போன சமயத்தில் மட்டும் அசுத்தம் செய்து, கதவையும் பிராண்டி, ஓலமிட்டால், அது தனிமையைக் கண்டு நடுங்குவது. கைவிடப்பட்ட நாய்க்கு, வாசற்கதவு சாத்தும் ஓசை பழைய நாளை நினைவூட்டினால் ஆச்சரியம் என்ன? முதலில் ஒரு நிமிஷம், பிறகு ஐந்து நிமிஷம், பிறகு கால் மணி என்று சிறுகச் சிறுகத் தனிமையைப் பழக்க வேண்டும். கடுமையானால் வைத்தியரின் யோசனை தேவை.

பாடத் திட்டம்

இனி, அறியாத நாய்க்கு அறிவிக்கும் முறையைச் சொல்லுவோம். மூன்று நான்கு வாரங்கள் ஒரு பள்ளிக்கூடக் கால அட்டவணையைப் போல இதை நடத்த வேண்டும்.

உணவைக் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் வையுங்கள். தட்டை நாள் முழுவதும் நிரப்பி வைக்காதீர்கள். வேளைக்கு உண்ணும் நாய் வேளைக்கு ஒதுங்கும். ஆனால் தண்ணீரைக் குறைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீரைப் பூட்டி வைப்பது கொலைக்குச் சமானம்.

தூங்கி எழுந்தவுடன், உண்ட கால் மணி முதல் அரை மணிக்குள், விளையாடி முடித்ததும், இரவு படுக்கப் போகும் முன் ஆகிய நான்கு சமயங்களிலும் தவறாமல் வெளியே அழைத்துச் செல்லுங்கள். முதல் வாரத்தில் இவற்றோடு பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவையும் கூட்டிப் போகலாம். ஒரே வழியில், ஒரே இடத்துக்குப் போக வேண்டும். கொல்லையில் வேப்பமரத்தடியோ, தெருக்கோடியில் உள்ள மண் தரையோ, எதுவானாலும் அது மாறக் கூடாது. வீட்டில் அசுத்தத்தைத் துடைத்த காகிதத்தை முதல் நாள் அவ்விடத்தில் போட்டு வைத்தால், வாசனையே வழிகாட்டும். சிமெண்டிலேயே பழகிய நாயானால், கொல்லையில் ஒரு சிமெண்டுப் பலகையை இட்டு, அதன் மேல் நாளுக்கு நாள் மண்ணைத் தூவி வாருங்கள். சில நாட்களில் பாதம் மண்ணோடு சமாதானம் செய்துகொள்ளும்.

அங்கே போனதும் பேசாமல் நில்லுங்கள். காரியம் முடிந்த அதே கணத்தில், வீட்டுக்குள் வந்த பிறகு அல்ல, அங்கேயே, ஒரு நல்ல வார்த்தையும் ஒரு கவளம் தின்பண்டமும் கொடுங்கள். செவிட்டு நாயானால் மலர்ந்த முகமும் கைச் சைகையும் போதும். பரிசு இரண்டு விநாடி தாமதித்தாலும் எதற்காகக் கொடுத்தோம் என்பது அதற்குத் தெரியாமல் போய்விடும். இட்லித் துண்டு, அவித்த முட்டை, தேங்காய்க் கீற்று எல்லாம் பரிசுக்கு ஏற்றவை. பக்கத்தில்தானே கிடைக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைக் கொடுத்துவிடாதீர்கள். சர்க்கரையும் பாலும் வயிற்றைக் கலக்கி, பாடத்தையே கெடுத்துவிடும். திராட்சை, வெங்காயம், சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. காரியம் முடிந்ததும் உடனே உள்ளே இழுத்து வந்துவிடவும் கூடாது. "முடித்தால் உலாவல் முடிந்தது" என்று தெரிந்துகொண்ட நாய், உலாவலை நீட்டுவதற்காக அடக்கி வைத்திருந்து, வீட்டுக்குள் வந்து விடும். முடித்த பிறகு ஐந்து நிமிஷம் உலாவ விடுங்கள்.

வீட்டுக்குள் முதல் சில வாரங்கள் முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிட வேண்டாம். பூஜை அறையும் சமையலறையும் சாத்தியே இருக்கட்டும். பாட்டியின் மனமும் அமைதிப்படும். யாராவது ஒருவர் கண் பார்வையில், தாழ்வாரத்திலோ கூடத்திலோ நாய் இருக்கட்டும். தரையை முகர்ந்து வட்டமிடுதல், திடீரென்று விளையாட்டை நிறுத்துதல், கதவுப் பக்கம் போய்த் திரும்புதல் ஆகியவை அது கேட்கும் அனுமதி. உடனே எழுந்து வெளியே அழைத்துப் போங்கள். யாரும் பார்க்க முடியாத நேரத்தில், படுக்கை விரித்த சிறிய இடத்தில் கொஞ்ச நேரம் இருக்க விடலாம். கூண்டைக் கண்டு அஞ்சும் நாயைக் கூண்டில் அடைக்காதீர்கள். அதிலிருந்து விடுதலை வேண்டித்தானே அது உங்களிடம் வந்திருக்கிறது!

செய்யத் தகாதவை

மூக்கைப் பிடித்து அசுத்தத்தில் தேய்ப்பது நம் ஊரில் ஒரு பழைய சிகிச்சை. அதைவிடப் பயனற்ற சிகிச்சை கிடையாது. எப்போதோ முடிந்த காரியத்தையும் இப்போது விழும் அடியையும் நாயால் முடிச்சுப் போட முடியாது. அது கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்றுதான்: "இந்த மனிதர் எதிரில் ஒதுங்கினால் ஆபத்து." அதன் பலனாக வெளியே நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது அடக்கிக்கொள்ளும், வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து விடும்.

"அப்படியானால், செய்துவிட்டுத் திருட்டு முழி முழிக்கிறதே, தப்பென்று தெரிந்துதானே?" என்று கேட்கலாம். நியூயார்க்கைச் சேர்ந்த அலெக்சாண்டிரா ஹாரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009-ஆம் ஆண்டு இதைச் சோதித்து வெளியிட்டார். எஜமானர் திட்டியபோதெல்லாம், குற்றம் செய்த நாயும் செய்யாத நாயும் ஒன்றுபோலவே அந்த முழி முழித்தன. அது குற்ற உணர்ச்சி அல்ல. நம் முகத்தைப் பார்த்துப் பயந்த பயம். கையும் களவுமாகப் பிடித்தால், அதட்டாமல், மெதுவாக இடைமறித்து வெளியே அழைத்துப் போங்கள். பார்க்கும்போது முடிந்து போயிருந்தால், துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

துடைப்பதிலும் ஒரு முறை உண்டு. நாயின் மூக்கில் வாசனை அறியும் அணுக்கள் இருபது கோடிக்கு மேல் உண்டென்று கணக்கிட்டிருக்கிறார்கள். நமக்கோ அதைவிட மிகவும் குறைவுதான். நமக்குச் சுத்தமாகத் தோன்றும் தரை அதற்கு இன்னும் விளம்பரப் பலகை. சிறுநீர் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால், அந்த விளம்பரத்துக்குப் புது வர்ணம் பூசியது போலாகும். கடுமையான பினாயில் நாயின் பாதத்தையும், நக்கினால் வாயையும் புண்ணாக்கக் கூடும். முதலில் காகிதத்தால் ஒற்றி எடுத்து, குளிர்ந்த தண்ணீரால் கழுவி, நொதிகள் கலந்த சுத்திகரிப்புத் திரவத்தை ஊற்றிச் சற்று ஊற விட வேண்டும். நொதி, நாற்றத்துக்குக் காரணமான பொருளையே சிதைத்துவிடும். இவை இப்போது கடைகளில் கிடைக்கின்றன.

மழையும் வெடியும்

பாடம் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போது ஐப்பசி பிறக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஈர மண்ணில் கால் வைக்க மறுக்கும் நாய்கள் உண்டு. கொல்லையில் ஒரு மூலைக்கு முன்கூட்டியே தகரக் கூரை போட்டு வைப்பது நல்லது. அதே ஐப்பசியில்தான் பெரும்பாலும் தீபாவளியும் வருகிறது. நாட்டுக்கே பட்டாசு அனுப்பும் சிவகாசி, ராஜபாளையத்துக்கு அண்டை ஊர். வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாய், நன்றாகப் பழகியதாயிருந்தாலும், வீட்டுக்குள் நனைத்துவிடும். அன்று பொழுது சாயும் முன்பே வெளியே அழைத்துப் போய்வந்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் பக்கத்தில் ஒருவர் இருங்கள். அன்றைய தவறு கணக்கில் சேராது. சங்கிலியை அவிழ்த்துக்கொண்டு ஓடித் தொலைந்து போகும் நாய்களும் அந்த இரவில் அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

எத்தனை நாள் பிடிக்கும்? காப்பகங்களில் தொண்டு செய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்வதுண்டு: புது வீட்டின் மிரட்சி தணிய 3 நாள், வழக்கம் பிடிபட 3 வாரம், இது நம் வீடு என்று மனம் ஊன்ற 3 மாதம். எல்லா நாய்க்கும் இது அளவுகோல் அல்ல; ஆனாலும் ஐந்தாம் நாளில் தீர்ப்பெழுதுவது நியாயமல்ல என்பதை நினைவூட்ட இது போதும். இடையில் ஒரு வாரம் சுத்தமாக இருந்து, மறுபடியும் ஒரு நாள் தவறினால் மனம் தளர வேண்டாம். இரண்டு நாள் பழைய அட்டவணைக்குத் திரும்புங்கள், போதும்.

சட்டமும் மனமும்

பிராணிகளைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது குற்றம் என்று நம் தேசத்துச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம். கலாக்ஷேத்திரம் கண்ட ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல், 1953-ஆம் ஆண்டு ராஜ்ய சபையில் தனி நபர் மசோதாவாக இதைக் கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ஆம் ஆண்டு அமைந்த பிராணி நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். 1976-ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட பிரஜைகளின் கடமைகளில், உயிர்களிடம் கருணை காட்டுவதும் ஒன்று. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி, தெரு நாய்களைப் பற்றிய வழக்கில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், அவற்றை வளர்க்க முன்வருகிறவர்களுக்கு அனுமதி கொடுத்து, அப்படி எடுத்துச் சென்ற நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னது.

ஆனால் சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்? 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரையில். இன்றைய விலைக்கு அந்தப் பணத்தில் கால் கிலோ பால்கோவாகூட வாங்க முடியாது. ஆகவே, நாயைக் காப்பாற்றப் போவது அபராதம் அல்ல. கூடத்தை ஆறாம் தடவை துடைக்கும்போதும் முகம் சுளிக்காத ஒரு மனிதர், இரவு பத்து மணிக்குத் தூக்கத்தை விட்டு எழுந்து கொல்லைக் கதவைத் திறக்கும் ஒரு பிள்ளை, "நாளைக்குக் கற்றுக்கொள்ளும், விடுங்கள்" என்று சொல்லும் ஒரு பாட்டி ஆகிய இவர்கள்தான் காப்பாற்ற வேண்டும்.

நம் நாட்டு நாயைப் பற்றிப் பெருமை பேசுவது எளிது. கூண்டிலிருந்து வந்த அந்த நாய்க்கு நம் வீட்டின் நடைமுறை புரியும் வரையில் சில வாரங்கள் பொறுத்திருப்பதும் அந்தப் பெருமையைச் சேர்ந்ததே. அப்படிப் பொறுத்திருந்த வீடுகளில் ஒரு நாள் காலையில், யாரும் அழைக்காமலே, அது எழுந்து கொல்லைக் கதவருகே போய் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். கதவைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.